பாஸ்கல் சார் கேட்ட கட்டுச்சோறு

தொண்டையில் ஒரு மடக்கு இறங்கும் சத்தம். அவ்வளவுதான். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் டீயை விழுங்கினாலும் என் காது அங்கே திரும்பிவிடுகிறது. ஹாரன், "பெண்ணாடம், பெண்ணாடம்" என்று கண்டக்டர் போடும் கூச்சல், பாய்லரின் சீறல், எல்லாவற்றையும் தாண்டி அந்தச் சின்னச் சத்தத்துக்காகக் காத்து நிற்கிறது. அது வந்த பிறகுதான் என் கையிலிருக்கும் டம்ளர் என் வாய்க்குப் போகிறது.

புதிதாக வார்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஊசி போட, குழாய் இறக்க, பிரஷர் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் காலேஜிலேயே வந்துவிடும். முதுகும் முழங்காலும் கெஞ்சிக் கேட்டதால் வயது வருமுன்பே வேலையை விட்டு வந்தவள் நான். என்னிடம் மிச்சமிருப்பது சில பகல்கள். அதில் ஒரு பகல் இது.

பாஸ்கல் சார் மங்களூர்க்காரர். இந்த ஊரில் பீங்கான் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றுக்குச் சூளைப் பொறுப்பாளராக வந்தவர், இங்கேயே கல்யாணம் செய்து, மனைவியை இங்கேயே அடக்கம் செய்து, தமிழை நம்மூர்க்காரர் போலவே பேசக் கற்றுக்கொண்டவர். ஜெபம் மட்டும் இங்கிலீஷில். போர்டிங் ஸ்கூலில் படித்த பழக்கம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. விழுங்கும் சக்தி போனது. விழுங்கியது பாதை மாறி நுரையீரலுக்குப் போய்ச் சளி கட்டியது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, கட்டில் தலைமாட்டில் அட்டை மாட்டிவிட்டோம்: வாய் வழியாக எதுவும் கூடாது.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். வார்டுக்குள் நுழைந்ததும் கட்டில் கட்டிலாக "சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போவோம். அவரிடமும் வாய் தவறிக் கேட்டுவிடுவேன். கோணிய வாயால் சிரிப்பார்.

"கொழாயி சாப்டுச்சு சிஸ்டர். நான் வேடிக்கை பாத்தேன்."

அவர் மகள் ஜெசிந்தா, இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், பக்கத்திலிருந்து முறைப்பாள். "டாடி, கம்முனு இருங்க. பேசுனா மூச்சு வாங்குது."

அன்று காலை அவருக்கு மூச்சு நன்றாகவே வாங்கியது. ஆக்சிஜன் ஏற்றியும் அளவு நிற்கவில்லை. கண் செருகுவதும் திறப்பதுமாக இருந்தார். டியூட்டி டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இன்றோ நாளையோ என்கிற மாதிரி தலையை ஆட்டினார். நான் திரும்பி வந்து போர்வையைச் சரிசெய்தபோது பாஸ்கல் சார் கண்ணைத் திறந்து, நிறுத்தி நிறுத்தி, தெளிவாக ஒரு சொல்லைச் சொன்னார்.

"வயாட்டிக்கம்."

எனக்கு அந்தச் சொல் தெரியாது. நான் நல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மருந்துப் பெயர் என்று நினைத்தேன். ஜெசிந்தாவுக்கு அது ஏதோ ஜெபச் சொல் என்று மட்டும் தெரிந்திருந்தது.

"அதான் அட்மிஷன் போட்ட வாரமே சாமியாரு வந்து எண்ணெ பூசிட்டாரே டாடி. எல்லாம் ஆயிடுச்சு. நீங்க தூங்குங்க."

"அது வேற."

"என்னா வேற?"

மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. "எண்ணெ சீக்காளிக்கு. இது ஊருக்குக் கெளம்புறவனுக்கு."

மகள் முகம் வெளுத்தது. அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார், சூளைக்கு வந்த புது ஆளுக்கு விளக்குவது போல. பழைய லத்தீன் சொல்லாம், இங்கிலீஷில் அப்படியே வைத்துக்கொண்டார்களாம். வயா என்றால் வழி. ரோமாபுரியில் ஊருக்குப் புறப்படுகிறவனுக்குக் கைச்செலவும் சாப்பாடும் கட்டிக் கொடுப்பார்கள், அதற்கு இந்தப் பெயர். பிறகு கிறிஸ்தவக் கோயில், சாகிறவருக்குக் கொடுப்பதற்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

"கட்டுச்சோறா சார்?" என்றேன்.

அவர் முகத்தில் அசைகிற பாதி மட்டும் மலர்ந்தது. "ஆங். கட்டுச்சோறு. எனக்கு அது வேணும். வாயால."

வாயால. தலைமாட்டில் நான் மாட்டிய அட்டை. அதற்குக் கீழே இந்த ஒரு சொல்.

ஜெசிந்தா என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறையாக வராந்தாவுக்குக் கொண்டுபோனாள். "சிஸ்டர், சாமியாரெல்லாம் வேணாங்க. சாமியாரு மறுபடி வந்து நின்னாருன்னா அவருக்குத் தெரிஞ்சிடும். பயந்தே போயிடுவாரு. எங்க சித்தப்பாவுக்கும் அப்படித்தான், நெனைவு தப்புன பெறகுதான் கூப்புட்டோம். அதான் நல்லது."

நினைவு தப்பிய பிறகு அழைப்பது. அவர்கள் வீடுகளில் அன்பினாலேயே நடக்கிற பிழை இது என்று பிறகு அறிந்தேன். சாமியார் வாசலில் நின்றால் சாவும் கூடவே நிற்கும் என்று பயந்து, தள்ளித் தள்ளி, கடைசியில் ஆளுக்கு எதுவும் தெரியாத நேரத்தில் ஓடுவார்கள். அப்போது எண்ணெய் மட்டும் பூசலாம். கட்டுச்சோறு கொடுக்க முடியாது.

எனக்கோ வேறு பயம். எங்கள் வீடுகளில் சாகிறவர் வாயில் பால் ஊற்றுவோம். அந்தப் பாலை நான் ஒருமுறை மிக அருகில் பார்த்திருக்கிறேன். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். நான் மருந்துத் தட்டை எடுக்கத் திரும்பியபோது பிள்ளைகள் அழுதுகொண்டே ஒரு சங்கு பாலை ஊற்றிவிட்டார்கள். அது இறங்கவில்லை. அவர் போன விதத்தை இங்கே எழுதமாட்டேன். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து வார்டில் யார் கையில் சங்கையோ ஸ்பூனையோ பார்த்தாலும் என் கை அதைப் பிடுங்கப் போகும்.

எனவே பாஸ்கல் சார் கேட்டது எனக்கு ஒரு ஸ்பூனாகத் தெரிந்தது. அவர் தொண்டையில் அடைத்துக்கொள்ளப்போகிற ஏதோ ஒன்று. மகள் வேண்டாம் என்கிறாள். டாக்டர் கூடாது என்று எழுதியிருக்கிறார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். மத்தியானத்துக்குள் அவரே தூங்கிவிடுவார், பிரச்சினை தானாகத் தீரும். இப்படித் தானாகத் தீரும் பிரச்சினைகள் வார்டில் நிறைய. அவற்றைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும் என்பேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் கண் செருகியிருந்தது. "பாஸ்கல் சார்" என்றேன். திறக்கவில்லை. தோளைத் தட்டினேன். திறந்தார். திறந்ததும் கேட்டார்: "சொல்லியாச்சா?"

ஜெசிந்தாவை அழைத்து அவர் முன்னாலேயே நிறுத்தினேன். "டாடி கிட்ட நீங்களே சொல்லுங்க, வேணாம்னு."

அவரே பேசினார். "ஜெசி, ஒனக்குத் தெரியாதுன்னு நான் நடிச்சேன். எனக்குத் தெரியாதுன்னு நீ நடிச்ச. போதும்டி. மூச்சு வீணாவுது."

அவள் கட்டில் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்து, போனை என்னிடம் நீட்டினாள். "சாமியாரு நம்பரு. நீங்களே பேசுங்க சிஸ்டர். நான் பேசுனா அழுதுடுவேன்."

பங்குச் சாமியார் பெண்ணாடத்தில் ஒரு அடக்கத்தில் இருந்தார். பின்னால் ஒப்பாரி கேட்டது. பாஸ்கல் சாருக்கு வயாட்டிக்கம் வேண்டுமாம் என்றேன்.

"நெனைவோட இருக்காரா?" இதுதான் அவருடைய முதல் கேள்வி.

"வந்து வந்து போவுதுங்க ஃபாதர்."

"கேட்டது அவரா, மகளா?"

"அவரேதாங்க."

"அப்பன்னா அவரு கேட்டது சரி. எல்லாரும் எண்ணெதான் கடைசின்னு நெனைக்கிறாங்க. இல்லம்மா. இதுதான் கடைசி. கோயில்ல தெனம் குடுக்குற அதே நற்கருணைதான், ஏசுவோட உடம்புன்னு நாங்க வாங்குற அப்பம். சாவு கிட்ட வந்தவரு தெரிஞ்சே வாங்கிச் சாப்புடுறப்ப அதுக்குப் பேரு வேற ஆயிடுது."

தெரிந்தே வாங்கிச் சாப்பிடுவது. அந்த இடத்தில் என் தலைக்குள் இருந்த சங்கு நகர்ந்தது. நாங்கள் ஊற்றுகிறோம். இவர் உண்ண வேண்டும் என்கிறார்.

"ஆனா இவருக்கு முழுங்க வராதுங்களே" என்றேன்.

"அதுக்கும் வழி இருக்குது. அப்பம் முடியாதவருக்குத் திராட்ச ரசம் ஒரு சொட்டு குடுக்கலாம். ஆனா ரசத்த வழக்கமா எடுத்து வைக்க மாட்டோம். நான் வந்து பூசை வச்சுத்தான் கொண்டாரணும். நேரம் ஆவும்."

"வேணாங்க ஃபாதர்." எனக்கே ஆச்சரியம், அவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டேன். "பாக்கத்தான் சொட்டு சின்னது. தண்ணியா இருக்குறதுதான் இவரு மாதிரி ஆளுங்களுக்கு ஆபத்து. நாக்கு புடிக்கிறதுக்குள்ள வழுக்கி மூச்சுக்கொழாயிக்குப் போயிடும். ஈர நாக்குல ஒட்டிக் கரையுற மாதிரி துணுக்குதான் தேவலாம். அப்பத்த எவ்ளோ சின்னதா குடுக்கலாம்?"

"எவ்ளோ சின்னதுன்னாலும் அதுல ஆண்டவரு முழுசா இருக்காரு."

"நொய்யளவு?"

"நொய்யளவு போதும்." பிறகு சாமியார் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கிறிஸ்டீனா சிஸ்டர்?"

"இல்லைங்க."

"சரி. பைக்க எடுக்குறேன். கோயிலுக்குப் போயி எடுத்துட்டு நேரா வர்றேன். அவரத் தூங்க விடாதீங்க."

அடுத்தது டாக்டர். இளைஞர், நல்ல பையன், பயந்த பையன். நான் சொல்லி முடிக்கும் முன்பே கையை விரித்தார். "சிஸ்டர், ஆஸ்பிரேட் ஆயி நுரையீரலுக்குள்ள போயிட்டா யாரு பதில் சொல்றது? நானா, உங்க சாமியாரா?"

"எங்க சாமியாரு இல்ல டாக்டர்."

"அப்பறம் உங்களுக்கு எதுக்கு?"

நல்ல கேள்வி. தோன்றியதைச் சொன்னேன். "அவரு கேட்டது மருந்து இல்ல டாக்டர், நாம கூடாதுன்னு சொல்றதுக்கு. சாப்பாடும் இல்ல, கொழாயில விடறதுக்கு. நீங்க ஸ்டெத்தோட பக்கத்துல நில்லுங்க. மொதல்ல ஈரப் பஞ்சு வச்சுப் பாக்கலாம். எச்சில முழுங்கினாருன்னா மேல போவலாம். இல்லன்னா நானே அவரு கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்."

"செத்துட்டா?"

"அவரு சாவப் போறாருன்னு காலைல நீங்கதான் சொன்னீங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு ஸ்டெத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மனசு வந்து அல்ல, என் வாய்க்குப் பயந்துதான் என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

காத்திருந்தோம். என் டியூட்டி முடிந்து அடுத்த சிஸ்டர் வந்து சார்ஜ் எடுத்துக்கொண்டாள். நான் போகவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவரை நிமிர்த்தி உட்காரவைத்தோம். வாயைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். அவர் கண் செருகும்போதெல்லாம் எதையாவது கேட்டேன். சூளையைப் பற்றிக் கேட்டால் விழித்துக்கொள்வார் என்று கண்டுபிடித்தேன்.

"சூளைய அவசரப்பட்டுத் தெறந்தா என்னா ஆவும் சார்?"

"வெடிக்கும்."

"எல்லாமா?"

"மேல் தட்டு மொதல்ல." கண் மூடியது.

"சார், அப்பறம்?"

"அப்பறம்... ஓனரு கத்துவான்."

ஜெசிந்தா அழுகையோடு சிரித்தாள். போன் அடித்தது. சாமியார். கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நிற்கிறதாம், எதிரில் லாரி, பைக் நுழைய இடமில்லையாம். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மானிட்டர் எண் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. அந்த எண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவர் தொண்டையைப் பார்த்தேன். நரம்பும் தோலுமாக, ஏறி இறங்கத் தெரிந்த ஒரு சின்ன மேடு. ஈரப் பஞ்சால் நாக்கைத் தொட்டேன். காத்திருந்தோம். மேடு அசையவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்க்கவில்லை. மோவாயை மெல்ல மார்புப் பக்கம் சாய்த்து, "முழுங்குங்க சார்" என்றேன். மேடு ஏறியது. இறங்கியது.

டாக்டர் ஸ்டெத்தை எடுத்துக்கொண்டு, "ம்" என்றார்.

சாமியார் வந்தபோது சட்டையெல்லாம் கரும்புச் சோகைத் தூசி. கையைக் கழுவி, தோளில் ஒரு துண்டுப் பட்டையைப் போட்டு, அப்பம் வைத்த சின்னச் சிமிழ் ஒன்றை மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து வைத்தார். நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். காலையிலிருந்து ஒன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது.

"ஃபாதர், அடைச்சுக்கிச்சுன்னா நான் சக்ஷன் போட்டு உறிஞ்சிடுவேன். அப்ப அது... அந்த பாட்டில்ல, சளியோட..."

அவர்கள் முழந்தாளிட்டு வணங்குகிற ஒன்று. என் கையால் அந்தப் பாட்டிலுக்குள்.

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மூச்சுதான் முக்கியம். இழுத்துடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

ஆனாலும் நான் போய்ப் பழைய பாட்டிலை எடுத்துவிட்டு, கழுவிக் காய்ந்த புதுப் பாட்டிலையும் புதுக் குழாயையும் மாட்டி வந்தேன். உள்ளே சுத்தமான தண்ணீர் கொஞ்சம் ஊற்றினேன். ஒருவேளை எடுக்க வேண்டி வந்தால் சாமியார் அதை மண்ணில் சேர்க்கும்படியாவது இருக்கட்டும். மருத்துவத்தில் அதற்கு அவசியமே இல்லை. டாக்டர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்று அவர் எனக்குச் செய்த பெரிய உதவி அது.

சாமியார் அப்பத்தின் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளினார். நொய்யளவு. விரல் நுனியில் இருப்பதே தெரியவில்லை. நான் நாக்கை நனைத்து ஒதுங்கினேன். சக்ஷன் குழாய் என் கையில். பாஸ்கல் சாருக்குப் பழகிய மொழியிலேயே சாமியார் சொன்னார்: "தி பாடி ஆஃப் கிறைஸ்ட்."

பதிலுக்குச் சொல்ல வேண்டிய சொல் வரவில்லை. கண் செருகியது. ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கிட்டத்தட்டக் கத்தினேன்: "பாஸ்கல் சார்! கெளம்பற நேரம்!"

கண் திறந்தது. "ஆமென்" என்றார். நாக்கை நீட்டினார்.

சாமியார் துணுக்கை வைத்தார். வாய் மூடியது. மோவாயைச் சாய்த்தேன். தொண்டை மேடு அப்படியே நின்றது. ஒரு இருமல் புறப்பட்டு நெஞ்சுக்குள் குலுங்கியது. என் கட்டை விரல் சக்ஷன் துவாரத்தின் மேல் போய்விட்டது. அழுத்தினால் இழுக்கும். ஸ்ரீமுஷ்ணத்துப் பெரியவர் முகம் வந்தது, பால் வழிந்த கடைவாய் வந்தது. இழு, இழு என்றது கை. அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலமாகவில்லை. நெற்றி சுருங்கியிருந்தது, வேலை செய்கிறவன் நெற்றி போல. இந்த மனுஷன் மூச்சுத் திணறவில்லை, முயன்றுகொண்டிருக்கிறார். விரலை எடுத்தேன்.

உங்களுக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் இந்த இடம்தான். உங்கள் கை ஒன்றைச் செய்யத் துடிக்கும்போது, அது எதிரில் இருப்பவருக்காகத் துடிக்கிறதா, முன்பு ஒருநாள் பார்த்ததற்காகத் துடிக்கிறதா என்று ஒரு கண்ணிமைப்பு நேரம் கேளுங்கள். அதற்கு மேல் நேரம் கிடைக்காது. அன்று நான் விரலை எடுத்தது சரியாகப் போனது. இன்னொரு நாள், இன்னொரு தொண்டையில், எடுக்காததே சரியாக இருக்கும். இதைச் சட்டமாக எழுதித் தர என்னால் முடியாது. முகத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்ல முடியும்.

மேடு ஏறியது. இறங்கியது. மடக்.

அந்த அறையில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டோம். டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்து, இரண்டு பக்கமும் கேட்டு, தலையசைத்தார். சாமியார் இன்னும் ஒரு வரி சொன்னார், ஆண்டவர் உன்னைக் காத்து முடிவில்லாத வாழ்வுக்குக் கூட்டிப்போகட்டும் என்கிற பொருளில். இந்த வரியைக் கட்டுச்சோறு கொடுக்கும்போது மட்டும்தான் சேர்த்துச் சொல்வார்களாம். மற்ற நாட்களில் அப்பத்தோடு நிறுத்திக்கொள்வார்களாம். வழியனுப்பும் வரி அது.

மறுநாள் நான் வந்தபோது கட்டில் துடைக்கப்பட்டு, தலைமாட்டு அட்டை கழற்றப்பட்டிருந்தது. விடியும் முன்பு, மகள் கையைப் பிடித்தபடி, இருமல் இல்லாமல் போனாராம். டாக்டர் இரண்டு டீ வாங்கி வரச் சொல்லி, ஒன்றை என் பக்கம் தள்ளினார். நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நான் கிளம்பிய அந்த மாலைக்குத் திரும்ப வேண்டும். சாமியார் சிமிழை மூடிக்கொண்டு போய்விட்டார். ஜெசிந்தா முகம் கழுவப் போயிருந்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டிலருகே வந்தேன். அவர் விழித்துத்தான் இருந்தார். பழக்கத்தில் வாய் அதையே கேட்டது.

"சாப்டீங்களா சார்?"

"சாப்டாச்சு சிஸ்டர்."

"அப்ப நான் போயிட்டு வரேன்."

"நீங்க போயிட்டு வாங்க," என்றார் பாஸ்கல் சார். "நான் போறேன்."